கேட்ட வார்த்தைக்கு மேடையிலேயே பாட்டு: மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறது

குன்னூர் மிஸ்ட் எழுதியது:

வணக்கம். நாங்கள் நான்கு பேர். ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், ஒரு கீபோர்டு, ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி). கஹோன் வாசிப்பவரே தேவைப்பட்டால் புல்லாங்குழலும் எடுப்பார். மே சீசனில் குன்னூரில் ஒரு ஹாலில் 40 நிமிட நிகழ்ச்சி. 120 நாற்காலி, தகரக் கூரை, மாலை 6.30 மணி. கூட்டத்திடம் ஒரு வார்த்தை வாங்கி, அங்கேயே வரி கட்டிப் பாடிச் சிரிக்க வைக்க வேண்டும். எழுதி வைத்த பாட்டு கிடையாது.

ஒத்திகையில் முதல் இரண்டு வரி தானாக வருகிறது. மூன்றாவதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கீபோர்டு அதே நாலு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுற்றிக்கொண்டிருக்கிறது, எங்கே முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. யாராவது சிரித்தால் அடுத்த வரி அதில் அமுங்கிப் போகிறது. பொழுது சாய்ந்தால் குழலும் கீபோர்டும் ஒட்டுவதில்லை. சினிமா மெட்டு எடுத்துக்கொள்ளலாமா? கூட்டத்தில் பாதி உள்ளூர், மீதி பெங்களூரு, கேரள டூரிஸ்ட். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆறரைக்கட்டை எழுதியது:

மூன்றாவது வரியில் நிற்பதற்குக் காரணம் மூன்றாவது வரி இல்லை. முதல் இரண்டு வரியை மேலிருந்து கீழாக யோசிக்கிறீர்கள், அதுதான் காரணம். சிரிப்பு எப்போதும் இரண்டாவது வரியின் கடைசி வார்த்தையில் இருக்கிறது. ஆகவே முதலில் பிடிக்க வேண்டியது அந்த வார்த்தையை. அதற்கு இயைபாக வரும் சாதாரண வார்த்தையை முதல் வரிக்குக் கொடுங்கள். பாடுவது ஒன்று, இரண்டு என்ற வரிசையில், யோசிப்பது இரண்டு, ஒன்று என்ற வரிசையில்.

"வர்க்கி" (நீலகிரியின் மொறுமொறு பிஸ்கட்) என்று ஒருவர் கத்துகிறார் என்று வையுங்கள், சீசனில் கட்டாயம் கத்துவார்கள். வர்க்கியை வரிக் கடைசியில் வைத்தால் தொலைந்தீர்கள், அதற்கு இயைபு கிடைக்காது. வரி ஆரம்பத்தில் வைத்தால் எதுகை அள்ளிக்கொண்டு வரும்: சர்க்கரை, தர்க்கம், சொர்க்கம். இனி சிரிப்பு எங்கே என்று பாருங்கள். "வர்க்கி கடை வரிசையில முன்னால நின்னாரு." யார் நின்றால் சிரிப்பு? டாக்டர். அப்படியானால் முதல் வரி தானே எழுதிக்கொள்கிறது:

சர்க்கரைய நிறுத்துன்னு டாக்டர் சொன்னாரு
வர்க்கி கடை வரிசையில முன்னால நின்னாரு

கேட்பவருக்கு இது ஒரே மூச்சில் வந்த மாதிரி இருக்கும். தமிழில் வினைமுற்று எல்லாம் ஒரே மாதிரி முடிவதால் -னாரு, -ஆச்சு, -ஆங்க என்று இயைபு இலவசமாகக் கிடைக்கிறது. அதுவே ஆபத்தும்கூட. சொன்னாரு, நின்னாரு, போனாரு, வந்தாரு என்று நாலு வரியும் போனால் கூட்டம் உங்களுக்கு முன்பே வார்த்தையைக் கண்டுபிடித்துவிடும். இரண்டு வரிக்கு ஒருமுறை முடிவை மாற்றுங்கள், பெயர்ச்சொல்லுக்குத் தாவுங்கள். கடை, குடை, வடை, தடை, எடை ஒரு குடும்பம். மலை, இலை, விலை, தலை, உலை இன்னொன்று. ஆங்கிலச் சொல்லில் உகரம் சேர்த்தால் பஸ்ஸு, லைசென்ஸு, கேஸு, ரேஸு. தினம் 10 நிமிடம் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 96 தட்டில் வைத்து, ஒருவர் ஒரு சொல் கொடுக்க, மற்றவர் 8 தட்டுக்குள் மூன்று சொல் திருப்பித் தரவேண்டும். அர்த்தம் வேண்டாம், சத்தம் போதும்.

பாட்டின் சட்டகம் மாறவே கூடாது. வேகம் 96, நாலு தட்டு ஒரு பார், ஒரு பாருக்கு 2.5 விநாடி, ஒரு வரிக்கு இரண்டு பார். 4 பார் முன்னிசை, பல்லவி 4 வரி, சரணம் 4 வரி, பல்லவி, சரணம், பல்லவி, முடிப்பு. மொத்தம் 2 நிமிடம், சிரிப்புக்கு நின்றால் இரண்டரை. அந்த முன்னிசை 10 விநாடிதான் உங்கள் யோசிக்கும் நேரம். அதில் ஒருவர் பல்லவியை மட்டும் யோசிக்க வேண்டும், நாலைந்து சொல், கூட்டம் கொடுத்த வார்த்தை உள்ளே இருக்கவேண்டும்: "இன்னொரு வர்க்கி குடு". மற்றவர் முதல் சரணத்தின் கடைசி வரியை யோசிக்க வேண்டும். ஒரு சரணம் முழுக்க ஒருவரே பாடட்டும். வரிக்கு வரி மாற்றிப் பாடுவது பார்க்க அழகு, ஆனால் அடுத்தவர் போட்ட இயைபுக்கு நீங்கள் கைதி. உங்கள் மூன்றாவது வரி முழிப்பில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒருவர் பாடும்போது மற்றவர் தன் சரணத்தைத் தயார் செய்ய 20 விநாடி கிடைக்கிறதே, அதை ஏன் விடவேண்டும்?

கார்டு: ஜி, ஈ மைனர், சி, டி, பாருக்கு ஒன்று. ஆணுக்கு 1 கட்டைச் சுருதியும் (சி) பெண்ணுக்கு 5 கட்டையும் (ஜி) வசதி என்று சண்டை வரும். 5 கட்டையில் வைத்து, மெட்டை ச முதல் ப வரை ஐந்து ஸ்வரத்துக்குள் அடக்கினால் இரண்டு பேரும் ஒரே ஸ்தாயியில் பாடலாம். பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் மெட்டில்தான் சொல் தெளிவாக விழும். மெட்டை வளைத்துச் சங்கதி போட ஆரம்பித்தால் நகைச்சுவை செத்தது.

சிரிப்பு வந்தால்: இரண்டாவது வரி டி கார்டில் முடிகிறது இல்லையா, கீபோர்டு அங்கேயே நிற்கட்டும். ஜி-க்கு இறங்கவே கூடாது. சத்தத்தைப் பாதியாக்கி டி-யை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும், கஹோனில் நடுத் தட்டு மட்டும். முடியாத கார்டு என்பதால் கூட்டத்துக்கு "இன்னும் இருக்கிறது" என்று காது சொல்லிவிடும். சிரிப்பு உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கியதும் பாடுபவர் மூச்சை இழுத்துத் தலையை ஆட்டினால் ஜி. முழு அமைதி வரும் வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும். மேல் எழுந்த முஷ்டி என்றால் இதுதான் கடைசிப் பல்லவி. விரலைச் சுற்றினால் இன்னொரு சுற்று. முடிக்கவும் நீட்டவும் இந்த இரண்டு கைச் சைகை போதும், மூன்றாவது வைத்தால் குழப்பம்.

மேடையில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை என்றால் கீபோர்டுக்காரர் தானே முடிக்கும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். இதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் ஓட்டுநர்.

சினிமா மெட்டு வேண்டாம் என்பது என் கட்சி. மூலப் பாட்டின் வரி கூட்டத்தின் மனதில் ஓடும், பாடுபவர் நாக்கும் மூன்றாவது வரியில் அதற்கே வழுக்கும். டிக்கெட் போடும் நிகழ்ச்சி என்றால் ஐபிஆர்எஸ் (பாட்டு உரிமையாளர்களுக்காகக் கட்டணம் வாங்கும் சங்கம்) உரிமம் வேறு. அமெச்சூர் குழு கட்டணம் செலுத்தாத கூட்டத்துக்கு நிகழ்த்தினால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது, அதை நம்பி டிக்கெட் விற்காதீர்கள்.

உடுக்கை எழுதியது:

ஆறரைக்கட்டை சொன்னதில் பெரும்பாலானது சரி. ஆனால் எல்லாவற்றையும் நாலு கார்டில் அடைக்க வேண்டுமா? சினிமா மெட்டு வேண்டாம் என்றால் நம்மிடம் யாருக்கும் சொந்தமில்லாத மெட்டு மூட்டை மூட்டையாக இருக்கிறது. கும்மி, தெம்மாங்கு, நொண்டிச் சிந்து, தாலாட்டு, ஒப்பாரி. ஆரம்பிப்பவர்களுக்கு நான் கொடுப்பது ஒப்பாரிதான். வரிக் கடைசியை இழுத்து அழும் இடம் நாலைந்து விநாடி, அது முழுக்க யோசிக்கும் நேரம். அழுகை மெட்டில் தொலைந்த மொபைல் சார்ஜருக்குப் பாடினால் சிரிப்புக்குத் தனியாக உழைக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை, கூட்டத்தில் துக்க வீட்டுக்காரர் இருக்கலாம். பொருளுக்கு மட்டும் ஒப்பாரி, மனிதருக்கு வேண்டாம்.

கும்மி எதிர்ப்பக்கம். திஸ்ர நடை (மூன்று மூன்றாக எண்ணுவது), வேகம் அதிகம், யோசிக்க இடமே இல்லை. கடைசியில் கூட்டத்தைக் கைதட்ட வைக்க மட்டும் வையுங்கள்.

வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்கு மூன்றாவது வரிப் பிரச்சினைக்கு மருந்து தெரியும், 'ஆமாம்' போடுபவர். புலவர் (முக்கியப் பாடகர்) ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் அதன் கடைசித் துண்டைத் திருப்பிச் சொல்வார், அல்லது ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஒரு கேள்வி கேட்பார். "டாக்டரு நின்னாரா?" "ஆமா, நின்னாரு." "சும்மாவா நின்னாரு?" இதற்குள் புலவருக்கு ஐந்து விநாடி கிடைத்துவிட்டது. கூட்டத்துக்கோ இதுவே ஒரு சிரிப்பு. என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டைச் சிரிப்போடு மேடையேற்றியபோதும் இந்தக் கேள்வி பதில்தான் உயிர். உங்களில் பாடாமல் இருக்கும் பாடகருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். கேள்வி குட்டியாக இருக்கவேண்டும், பதிலை ஊகிக்கக் கூடாது. 'ஆமாம்' போடுபவர் தானே ஜோக் அடிக்க ஆரம்பித்தால் புலவர் கட்டிக்கொண்டிருந்த வரி உடைந்துவிடும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணி என்ற போட்டிப் பாட்டில், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து இரவெல்லாம் வாதாடுவார்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: எதிர்க்கட்சியின் கடைசிச் சொல்லை உன் முதல் சொல்லாக எடு. அப்போது மூன்றாவது வரி எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வியே இல்லை.

உங்கள் மலையிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. தோடர் பழங்குடியினரின் பாட்டுகள் பெரும்பாலும் நடந்த நிகழ்ச்சிக்கு அவ்வப்போது கட்டப்படுபவை. 1930-களில் நீலகிரியில் தங்கி ஆய்வு செய்த மொழியியலாளர் எம்.பி.எமனோ அவற்றைப் பதிவு செய்தார், 1971-ல் தொகுப்பாக வந்தது. அவர் எடுத்துக்காட்டிய அமைப்பு இதுதான்: மூன்று அசை கொண்ட குறுந்துண்டுகள், ஒவ்வொரு விஷயத்துக்கும் மரபாக வரும் சொல் இணைகள், ஒன்றைப் பாடினால் அதன் ஜோடியையும் பாடியாக வேண்டும். அதாவது கட்டுபவர் வெறும் காற்றிலிருந்து பிடிப்பதில்லை, இணைகளின் கையிருப்பிலிருந்து எடுக்கிறார். நீங்கள் தோடர் மெட்டையோ ஆட்டத்தையோ மேடையில் போலி செய்ய வேண்டாம், அது கேலியாகிவிடும், படகர் சமூகத்தின் பேச்சுக்கும் அதே விதி. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும். சொந்தமாக 50 இணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரயில், பஸ். கேரட், உருளைக்கிழங்கு. ஸ்வெட்டர், குடை. காட்டெருமை, கரடி. ஏத்தம், இறக்கம். மேல் குன்னூர், கீழ் குன்னூர். முதல் வரியில் ஒன்று விழுந்தால் மூன்றாவது வரி அதன் ஜோடி. அவசரத்துக்கு அடுத்த வரியிலேயே போட்டாலும் நிற்கும்:

மேல் குன்னூருல மிஸ்ட்டு, ரோடு தெரியல
கீழ் குன்னூருல கூட்டம், ரோடே தெரியல

இரண்டாவது வரிக்கு ஒரு ஏகாரம்தான் செலவு.

வார்த்தை வாங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் கவிழ்கிறார்கள். "ஏதாவது சொல்லுங்க" என்றால் நடிகர் பெயர், கட்சிப் பெயர், இல்லையென்றால் கெட்ட வார்த்தை. கேள்வி குறுகலாக இருக்கட்டும். "வீட்ல ரிப்பேர் பண்ணாமலே கெடக்குற பொருள் எது?" "மலை ஏறும்போது மறந்துட்டு வந்தது என்ன?" பெங்களூருக்காரரும் கோழிக்கோட்டுக்காரரும் இதற்கு ஒரே மாதிரி பதில் சொல்வார்கள், மொழிப் பிரச்சினை பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, பல்லவியில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்ச்சொல் இருக்கட்டும், நுணுக்கமான தமிழ் விளையாட்டு சரணத்தில் போகட்டும். வாங்கிய வார்த்தையை மைக்கில் இரண்டு முறை திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால், முன்பே ஏற்பாடு செய்த வார்த்தை என்று நினைத்துக்கொள்வார்கள். சாதி, உடல்வாகு, ஒருவரின் மனைவி என்று வந்தால் காதில் விழாத மாதிரி அடுத்த வார்த்தைக்குப் போய்விடுங்கள், கண்டிக்க நிற்க வேண்டாம்.

தகரக்கூரை எழுதியது:

சத்தம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குழல் ஒட்டாததற்குக் காரணம் குளிர். காற்றில் ஒலியின் வேகம் டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். 28 டிகிரியில் விநாடிக்கு 348 மீட்டர், 17 டிகிரியில் 341.6. குழலின் சுருதி அதே விகிதத்தில் இறங்கும், கணக்குப் போட்டால் சுமார் 32 சென்ட், ஒரு அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கீபோர்டு அப்படியே நிற்கும். மூச்சுச் சூட்டில் குழல் கொஞ்சம் மீளும், கீழே வைத்தால் மறுபடி இறங்கும். குழலை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள், எடுக்கும் முன் துளைகளை மூடி ஒரு நிமிடம் சத்தமில்லாமல் சூடான மூச்சு விடுங்கள். மிச்ச வித்தியாசத்துக்குக் கீபோர்டின் மாஸ்டர் ட்யூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து 435-க்கு இறக்கினால் 20 சென்ட் குறையும். கிட்டார் இருந்தால் நேர்மாறு, குளிரில் கம்பி இறுகிச் சுருதி ஏறும், 120 பேர் வந்து உட்கார்ந்ததும் இறங்கும். கூட்டம் நிறைந்த பிறகு ஒருமுறை சரிபாருங்கள். உடுக்கை, கஞ்சிரா மாதிரி தோல் வாத்தியம் மிஸ்ட்டில் தொய்ந்து மொத்தையாகப் பேசும், கஹோன் உங்களுக்கு நல்ல தேர்வு.

மைக் ஆளுக்கு ஒன்று, சாதாரண டைனமிக் கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை எடுக்கும் வகை) போதும். வாயிலிருந்து இரண்டு விரல் தூரம். மானிட்டர் (பாடுபவர் தன் குரலைக் கேட்கும் ஸ்பீக்கர்) பாடுபவருக்கு நேர் எதிரே, மைக்கின் பின்பக்கத்தைப் பார்த்த மாதிரி இருக்கட்டும், அங்கேதான் மைக் எடுக்காது. குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கீபோர்டு குரலைவிட 6 டெசிபல் கீழே, அதில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்துவிடுங்கள், மெய்யெழுத்துகள் வாழும் இடம் அது. எக்கோ, ரிவர்ப் சுத்தமாக வேண்டாம். மைக்செட்காரர் அன்பாக எக்கோ போட்டுத் தருவார், நன்றி சொல்லி அணைக்கச் சொல்லுங்கள். எதுகை காதில் விழாவிட்டால் ஜோக் இல்லை.

கீபோர்டுக்காரர் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டக் கூடாது. ஆறரைக்கட்டை சொன்ன டி கார்டில் நிற்பது எல்லாம் அவருக்குச் சிரிப்பு கேட்டால்தான்.

தகரக் கூரை, மே மாதம் என்றால் கோடை மழை வரலாம். வந்தால் ஃபேடரை (சத்தம் கூட்டும் விசை) ஏற்றி ஜெயிக்க முடியாது, ஃபீட்பேக் ஊளைதான் மிஞ்சும். மழைக்கென்று ஒரு நடையை ஒதுக்கி வையுங்கள். கஹோனும் கைதட்டலும், ஒரு சொல் பல்லவி, கூட்டம் திருப்பிப் பாடுவது. ஐந்து நிமிடம் தாங்கும். கரண்ட் போனாலும் இதே நடை உதவும். கீபோர்டில் பேட்டரி போடும் வசதி இருந்தால் போட்டே வையுங்கள், அடாப்டர் நின்றாலும் ஓடும், ஸ்பீக்கர் உள்ள மாடலாக இருந்தால் முதல் நாலு வரிசைக்காவது கேட்கும்.

ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி முன்பே வாங்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பொதுவாக இரவு 10 மணிக்குள் நிறுத்தியாக வேண்டும், உங்கள் நேரத்துக்கு அது பிரச்சினை இல்லை. பக்கத்தில் 100 மீட்டருக்குள் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

குன்னூர் மிஸ்ட் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. உடுக்கை அண்ணா, 'ஆமாம்' போடுவதை இன்று செய்து பார்த்தோம், ஐந்து விநாடி நிஜமாகவே கிடைக்கிறது. இன்னொரு கேள்வி, 40 நிமிடத்துக்கு எத்தனை பாட்டு? 12 என்று கணக்குப் போட்டிருந்தோம்.

உடுக்கை எழுதியது:

12 வேண்டாம் தம்பி, ஏழாவதிலேயே எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகத் தெரியும். ஆறு போதும், அதுவும் ஆறு வேறு நடையில். முதல் பாட்டு எழுதி வைத்ததாகவே இருக்கட்டும், "இது மட்டும் மனப்பாடம்" என்று சொல்லிவிடுங்கள். சுருதியும் மைக்கும் அதில் சரியாகிவிடும், அடுத்ததை நம்பவும் செய்வார்கள். ஒப்பாரியை நடுவில் வையுங்கள்.

ஆறரைக்கட்டை எழுதியது:

கடைசிப் பாட்டுக்கு 8 நிமிடம் ஒதுக்குங்கள். புது வார்த்தை வாங்காதீர்கள். அன்று மாலை வாங்கிய வார்த்தைகள் எல்லாம் அதில் திரும்பி வரவேண்டும். வர்க்கிக் கடை டாக்டர் சார்ஜரைத் தேடிக்கொண்டு வந்தால் அன்றைக்கு அதுதான் பெரிய சிரிப்பு. அமெரிக்காவில் டெல் க்ளோஸ் வளர்த்தெடுத்த 'ஹெரால்ட்' என்ற, எழுதி வைக்காத மேடை நாடக அமைப்பும் இதை நம்பித்தான் நிற்கிறது, முதல் சுற்றில் தனித்தனியாக வந்தவை கடைசிச் சுற்றில் ஒன்றோடொன்று முட்டும். பாடுபவர்களுக்கு நினைவிருக்காது. கஹோன்காரர் பக்கத்தில் ஒரு சிலேட்டு வைத்து ஒவ்வொரு வார்த்தையையும் பெரிய எழுத்தில் எழுதிவரட்டும், பாடகர்களுக்குத் தெரியும்படி சாய்த்து.

அந்தப் பாட்டின் கடைசிப் பல்லவிக்கு முன் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பட்டனில் ஒரு கட்டை ஏற்றினால் கூட்டம் தானாகக் கைதட்டும். கை விசையில் இருக்கும்போது அழுத்தாதீர்கள், சில கீபோர்டில் பிடித்த ஸ்வரம் தொங்கிவிடும். டி கார்டை விட்டு, பெடலையும் விட்டு, கஹோன் மட்டும் ஒரு பார் போகும் இடைவெளியில் அழுத்துங்கள். கூடுதல் பாட்டு கேட்டால் மறக்காமல் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பட்டன் பக்கத்தில் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி வைத்துக்கொண்டால் கண்ணில் படும்.